நாற்பத்தைந்து இருபதான நாள்

அவளுக்குக் குரல் பெரிது. அப்பா சங்கு குளிக்கிறவர். பல வருஷம் கடலுக்கடியில் போய் வந்ததில் அவருக்கு இரண்டு காதும் அடைத்துப்போய்விட்டது. அதனால் புன்னைக்காயலில் அவர்கள் வீட்டில் எல்லோரும் உரக்கப் பேசியே பழகிவிட்டார்கள். வீட்டுக்குள் சாம்பாரில் உப்பு இல்லை என்று சொன்னால் கோயில் வாசலில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

அந்தக் குரலில்தான் அவள் காஷன் ஆர்டரை வாசிப்பாள்.

ரயில் ஓட்டாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தண்டவாளத்தில் எங்காவது வேலை நடந்தாலோ, மழையில் மண் இளகினாலோ அந்த இடத்தில் மட்டும் கொஞ்ச நாளைக்கு வேகத்தைக் குறைப்பார்கள். இந்தக் கல்லிலிருந்து இந்தக் கல் வரை இருபது கிலோமீட்டர் வேகம், அடுத்த இடத்தில் முப்பது, இன்னொரு இடத்தில் நாற்பத்தைந்து என்று. வேலை முன்னேற முன்னேற எண் ஏறும். கோளாறு தெரிந்தால் மறுபடி இறங்கும். சில நேரம் காலையில் இருந்த எண் மதியத்தில் இருக்காது. வண்டி புறப்படும் முன் இவ்வளவையும் ஒரு தாளில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். அதுதான் காஷன் ஆர்டர். நடுவழியில் எண் மாறினால் அடுத்த ஸ்டேஷனில் வண்டியை நிறுத்தி மாறியதைத் தனிச் சீட்டாகக் கொடுக்க வேண்டும். இது போக, பாதையோரத்தில் எண் எழுதிய பலகை நிற்கும். வேலை நடக்கும் இடத்துக்கு முன்னால் கொடியோடு ஒரு ஆள் நிற்பார். ஒன்று தப்பினாலும் மற்றது காப்பாற்றும் என்று செய்த ஏற்பாடு.

பெரும்பாலான டிரைவர்கள் தாளை வாங்கி மேலிருந்து கீழே கண்ணை ஒரு ஓட்டு ஓட்டுவார்கள். கையெழுத்துப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார்கள். தினம் போகிற பாதைதானே. அவள் அப்படி இல்லை. ஆபீஸ் மேஜைக்கு முன்னால் நின்றபடியே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசிப்பாள். பிறகு நான் வாசிக்க வேண்டும். அதன் பிறகுதான் கையெழுத்து. துறைமுக யார்டில் அவளுக்கு ‘வாசகம்’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசகம் வாசிக்கிறவள்தான் அவள்; அதைத் தெரிந்துகொண்டு யாரோ வைத்த பெயர். “வாசகம் முடிஞ்சுதா, பாட்டு உண்டா?” என்று கேட்பார்கள். அவள் காதில் விழுந்தாலும் முகம் மாறாது.

நான் அவளுடைய அசிஸ்டென்ட். அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். ஆற்றங்கரையில் வயல்காட்டுக் குடும்பம் எங்களுடையது. ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து தண்டவாளத்தில் ஒன்பது வருஷம் கல் அள்ளிப் போட்டுவிட்டு, இலாகா பரீட்சை எழுதி எஞ்சினில் ஏறினேன். வண்டியில் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டேன். அவள் என்னை அண்ணே என்பாள். எழுதும்போது என்னவோ அவள் என்றே வருகிறது.

முதல் வாரத்தில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளையைப் போல என்னை வாசிக்க வைக்கிறாளே என்று. ஒருநாள் கேட்டும்விட்டேன். அவள் கோபப்படவில்லை. தெரியாத பாதையில் யாரும் தப்பு செய்யமாட்டார்கள், தெரிந்த பாதையில்தான் செய்வார்கள் என்றாள். நேற்றைய எண் கண்ணிலேயே நிற்குமாம். இன்றைக்குத் தாளில் வேறு எண் இருந்தாலும் கண் நேற்றையதைத்தான் படிக்குமாம். வாயால் சொன்னால்தான் மாறியது தெரியுமாம். வாசித்து முடித்ததும் அவள் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. “நேத்தைக்கும் இன்னிக்கும் என்ன மாறியிருக்கு, சொல்லுங்க.” நான் சொல்ல வேண்டும். ஒன்றும் மாறவில்லை என்றால், ஒன்றும் மாறவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை தாளில் ஒரு கிலோமீட்டர் எண் மசங்கிப்போயிருந்தது. ஒன்றா ஏழா தெரியவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது ஒன்று என்று தெரியும். இரண்டு வாரமாக அங்கேதான் வேலை நடந்துகொண்டிருந்தது. வேறு தாள் அடித்துத் தந்தால்தான் வண்டியை எடுப்பேன் என்று நின்றுவிட்டாள். பின்னால் இன்னொரு வண்டி காத்துக் கிடந்தது. வண்டிப் போக்கைக் கவனிக்கிற கண்ட்ரோலிலிருந்து போனில் கத்தினார்கள். போனைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “சார், நம்பர் தெரியல சார்” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கடைசியில் வேறு தாள் வந்தது. அதில் ஒன்று என்றுதான் இருந்தது. வண்டி தாமதமானதற்கு விளக்கம் கேட்டு அவளுக்குக் கடிதம் வந்தது. இப்படிப்பட்ட கடிதங்கள் அவள் ஃபைலில் நிறைய உண்டு.

வேகம் குறைத்த இடத்தில் போகும்போது அவளோடு பேச முடியாது. நிலக்கரி ஏற்றிய வண்டி அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். எஞ்சின் தாண்டிவிட்டது என்று வேகத்தைக் கூட்டிவிடக் கூடாது. கடைசிப் பெட்டியும் தாண்ட வேண்டும். சில டிரைவர்கள் பாதி வண்டி தாண்டியதுமே கூட்டுவார்கள். நான் கேங்கில் இருந்தபோது, விலகி நிற்கிற எங்கள் முகத்தில் கடைசிப் பெட்டிகள் கல்லும் தூசியுமாக அடித்துவிட்டுப் போகும். அவள் வண்டி அப்படிப் போகாது. கடைசிப் பெட்டி தாண்டுகிறவரை ஜன்னலில் தலையை வைத்துப் பின்னால் பார்த்துக்கொண்டே இருப்பாள். விலகி நிற்கிற ஆட்களுக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டுவாள். கேங்மேன்கள் அவள் வண்டி என்றால் மண்வெட்டியைத் தரையில் ஊன்றி நிதானமாக நிற்பார்கள். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பக்கம் நின்றவன் அல்லவா நான்.

மாசி மாதத்தில் ஒரு காலை. துறைமுகத்திலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். கடைசிப் பெட்டியில் கார்டு ஏறாத வண்டி. சரக்கு வண்டிகள் சில அப்படியும் ஓடும். வாசித்தாயிற்று. வழியில் ஒரு வளைவுக்கு அப்பால் ஒரு இடத்தில் நாற்பத்தைந்து, நேற்றும் அதேதான். கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில், எதிரே வரும் பாசஞ்சருக்காக எங்களைப் பக்கத்து லைனில் நிறுத்தினார்கள். எஞ்சின் ஆபீஸைத் தாண்டி வெகுதூரம் தள்ளி நின்றது.

அவள் என்னைப் பார்த்து, “அண்ணே, ஒரு எட்டு ஆபீஸுக்குப் போயி புதுசா ஏதும் மாறியிருக்கான்னு கேட்டுட்டு வந்துருதியளா?” என்றாள். எந்த ஸ்டேஷனில் நின்றாலும் அவள் இதைச் சொல்வாள். நானும் போவேன். அன்றைக்கு வெயில் பத்து மணிக்கே சுள்ளென்று இருந்தது. முட்டி வலி வேறு. வாக்கி டாக்கியில் கேட்டுவிடலாமே மேடம் என்றேன். என் காலைப் பார்த்தாள். சரி என்று அவளே வாக்கி டாக்கியை எடுத்துக் கேட்டாள்.

“ஒண்ணுமில்ல மேடம். பாசஞ்சர் போனதும் பச்ச போட்டுருதேன், கெளம்புங்க” என்று ஸ்டேஷன் மாஸ்டரின் குரல் வந்தது. நானும் கேட்டேன். வேறு யாரும் கேட்கவில்லை.

வளைவுக்கு அப்பால் நாற்பத்தைந்து போட்டிருந்த இடத்தில் தண்டவாளம் ஒரு பக்கம் அமுங்கியிருப்பதை அன்று காலைதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஜாக்கி வைத்துத் தூக்கிக் கீழே கல் அடைக்க ஆரம்பித்தார்கள். நாற்பத்தைந்தை இருபதாக்கி ஸ்டேஷனுக்கு எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் அதை வாங்கி எங்களுக்கான சீட்டை எழுதிவிட்டார். எழுதி மேஜையில் வைத்தவர், பாசஞ்சர் வரும் அவசரத்திலும் போன் மேல் போன் வந்ததிலும் அதை மறந்துவிட்டார். இருபது என்று எழுதிய பலகையை நடுவதற்கு எடுத்துப் போன ஆள் இன்னும் பாதி வழியில் நடந்துகொண்டிருந்தார். கொடிக்காரர் நின்றார். ஆனால் வளைவில் உடைமரம் அடர்ந்த இடம். இருபதில் வருகிற வண்டிக்குப் போதும் என்கிற தூரத்தில்தான் நின்றார்.

நாங்கள் நாற்பத்தைந்தில் வந்தோம். சிவப்புக் கொடி தெரிந்த அதே நொடியில் அவள் பிரேக் போட்டாள். நிலக்கரி வண்டி அப்படி நிற்காது. ஆறு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஆறு பேரும் விலகினார்கள். ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். ஜாக்கி தண்டவாளத்துக்குக் கீழே இருந்தது. அப்படியே விட்டால் எங்கள் வண்டி கவிழும். குனிந்து அதை இறக்கி வெளியே இழுத்தார். ஜாக்கி வெளியே வந்துவிட்டது. அவர் வரவில்லை.

சாத்தான்குளத்துக்காரர். நான் கேங்கில் சேர்ந்த நாளில் எனக்குச் சுத்தியல் பிடிக்கத் தெரியவில்லை என்று சிரித்தவர். எஞ்சினுக்குள்ளிருந்து அவர் முதுகைப் பார்த்துவிட்டு, முகத்தைப் பார்க்காமலே யாரென்று சொன்னேன்.

வண்டி ஒருவழியாக நின்றதும் அவள் இறங்கிப் பின்னால் நடந்து போனாள். எஞ்சினில் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. நான் இருந்தேன். அவள் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வேறு துணி கிடைக்காமல் தன் துப்பட்டாவைப் போட்டு அவரை மூடிவிட்டு வந்திருந்தாள்.

பிற்பகலில் அவளை ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விபத்து நடந்தால் டிரைவருக்குச் செய்கிற வழக்கமான சோதனை. நான் அந்தச் சின்ன ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ரயில்வே குடியிருப்பில் எங்களுக்கு அடுத்த வீட்டுக்காரர். என் மனைவிக்குப் பிரசவ வலி கண்டபோது நான் வண்டியில் இருந்தேன். அவர் மனைவிதான் ஆஸ்பத்திரியில் சேர்த்து, பிள்ளையை முதலில் கையில் வாங்கியவர். அந்த மனிதர் சீட்டை என் முன்னால் நீட்டினார்.

“அண்ணாச்சி, நான் எழுதிட்டேன். எழுதுனது நெசம். தாரதுக்குத்தான் மறந்துட்டேன்” என்றார். பிறகு, “நீங்க வந்து வாங்கிட்டுப் போனதாச் சொன்னாப் போதும். அசிஸ்டென்டுக்கு ஒண்ணும் வராது” என்றார்.

டிரைவர் என்றால் வரும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆபீஸுக்குப் போய்க் கேட்கச் சொல்லியும் நான் போகவில்லை என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. போனேன் என்று சொல்லிவிட்டால் அது மறைந்துவிடும். கையெழுத்துப் போட்டேன். வாசிக்காமல்தான் போட்டேன்.

விசாரணை மூன்று நாள் நடந்தது. இரண்டாம் நாள் எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஆபீஸுக்குப் போகச் சொன்னதாகவும், நான் போகாததால் வாக்கி டாக்கியில் கேட்டதாகவும், ஒன்றும் மாறவில்லை என்று பதில் வந்ததாகவும் அவள் சொன்னாள். அப்படி யாரும் கேட்கவில்லை என்றார் ஸ்டேஷன் மாஸ்டர். அதிகாரி என்னைக் கேட்டார். போனேன், சீட்டை வாங்கினேன், எஞ்சினில் ஏறி மேடத்திடம் கொடுத்தேன் என்றேன். மேஜையில் கிடந்த சீட்டில் என் கையெழுத்தை அவளிடம் காட்டினார்கள்.

அவள் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

“தந்தியளா அண்ணே?”

“தந்தேன்.”

“தந்திருந்தா நான் வாசிச்சிருப்பேம்லா” என்றாள். அன்றைக்கு மட்டும் அவள் குரல் சின்னதாக இருந்தது. அவள் சொன்னது என்ன என்று சுருக்கெழுத்து எழுதுகிறவர் கேட்டார். அது பதில் இல்லை, எழுத வேண்டாம் என்றார் அதிகாரி.

தினம் அவள் வாசிப்பதைக் கேட்டு ‘வாசகம்’ என்று பெயர் வைத்த யார்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அந்தப் பெண் தாள் கையில் கிடைத்து வாசிக்காமல் இருக்க மாட்டாள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. எல்லோரிலும் அதிகம் தெரிந்தவன் நான். நானே இப்படிச் சொன்ன பிறகு யார் வருவார்கள்? ஃபைலில் இருந்த தாமதக் கடிதங்களையும் எடுத்து வைத்தார்கள். சொல்பேச்சுக் கேட்காதவள் என்பதற்கு அவை சாட்சி ஆயின. அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம். அப்பீல் செய்தாள், தள்ளுபடி ஆயிற்று. சாத்தான்குளத்துக்கு, செத்துப்போனவரின் அடக்கத்துக்கும் நான் போகவில்லை.

எட்டு மாதம் கழித்துப் புன்னைக்காயலுக்குப் போனேன். அதற்குள் எனக்கு டிரைவராகப் பதவி உயர்வு வந்திருந்தது. கையில் காஷன் ஆர்டரை வாங்கும்போதெல்லாம் வாய் திறக்காமல் கண்ணால் படித்துவிட்டு நகர்ந்தேன். சத்தமாகப் படிக்க என்னால் முடியவில்லை. போகாமல் இருக்க முடியவில்லை என்பதால்தான் போனேன்.

அவளுடைய அப்பா வாசலை ஒட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அம்மா உள்ளேயிருந்து, “ஏளா, யாரோ வந்திருக்காவ பாரு” என்று குரல் கொடுத்தார். அவள் வந்தாள். உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு, முடிந்தவரை மெல்லிய குரலில், ஆபீஸுக்குப் போகாததையும், பின்னறையில் கையெழுத்துப் போட்டதையும், சொன்ன பொய்யையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

அப்பாவுக்கு உதடு அசைந்தது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். “என்னளா சொல்லுதாரு?” என்றார்.

அவள் அவர் பக்கம் குனிந்து, தன் பழைய குரலில், தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். “சீட்டு எனக்குத் தரவே இல்லியாம்ப்பா. தந்தேன்னு பொய் சொல்லிட்டாராம்.”

எதிர் வீட்டில் வலையை உதறிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுந்து வர எளிதாக இருந்திருக்கும்.

“இத எழுதிக் குடுப்பியளா?” என்று அவள் கேட்டாள்.

“எழுதுதேன்.”

“எழுதுங்க. நான் காத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள். மன்னித்தேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. பஸ் நிற்கும் இடம்வரை கூட வந்து, தூத்துக்குடி பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னாள்.

எழுதினேன். அது உண்மை. நான்கு பக்கம், ஒன்றையும் மறைக்காமல் எழுதி, ஆபீஸில் கொடுத்தேன். பத்து நாள் கழித்து ஒரு அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையானவர். நாற்காலி போடச் சொன்னார். அது முடிந்துபோன கேஸ் என்றார். இதை எடுத்துக்கொண்டால் முதலில் நான் பொய்ச் சாட்சி சொன்னது நிரூபணமாகும், வேலை போகும் என்றார். ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஓய்வுபெற ஐந்து மாதம்தான் இருக்கிறது, இரண்டு குடும்பம் தெருவில் நிற்கும் என்றார். அப்படியும் அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கும் என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். என் பையன் அந்த வருஷம்தான் காலேஜில் சேர்ந்திருந்தான். நான்கு பக்கத்தையும் மேஜையில் என் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த மாதம் அவள் இரண்டு தடவை போன் செய்தாள். எடுக்கவில்லை. அதன் பிறகு செய்யவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். போகும்போது அவர் மனைவி என் மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

அவளைக் கடைசியாகப் பார்த்தது போன வருஷம், துறைமுகத்துக்குள். அங்கே வேகன்களை இழுத்துப் போடுகிற சின்ன எஞ்சின்கள் உண்டு. காண்ட்ராக்ட்காரர்கள் ஆள் வைத்து ஓட்டுகிறார்கள். சுற்றுச் சுவருக்குள்ளேயே போய்ப் போய் வர வேண்டும். நடக்கிற வேகம்தான். காஷன் ஆர்டரும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. நான் காலி வண்டியை உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். பக்கத்து லைனில் அப்படி ஒரு எஞ்சின் நின்றது. ஜன்னலில் அவள். இளைத்திருந்தாள். முகத்திலும் கழுத்திலும் நிலக்கரித் தூசி படிந்திருந்தது.

என்னைப் பார்த்தாள். பார்த்தும் முகத்தில் ஒன்றும் வரவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என் அசிஸ்டென்ட், “யார் சார்?” என்றான், வாயை மூடிக்கொண்டேன். ஒரு வண்டி கடந்து போகும்போது பக்கத்தில் நிற்கிற டிரைவர் அதன் பெட்டிகளைக் கவனிக்க வேண்டும். ஏதாவது தொங்குகிறதா, சக்கரத்தில் புகை வருகிறதா, கதவு திறந்து கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். துறைமுகத்துக்குள் யாரும் அதைச் செய்வதில்லை. அவள் பாதி உடம்பை வெளியே நீட்டி, என் வண்டியின் ஒவ்வொரு பெட்டியையும் கீழிருந்து மேலாகப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே திரும்பி அவளையே பார்த்துக்கொண்டு போனேன். கடைசிப் பெட்டியும் தாண்டிய பிறகு, விதிப்படி கையை நேராக உயர்த்திக் காட்டினாள்.

வண்டியில் குறை ஒன்றும் இல்லை, போகலாம் என்று அதற்கு அர்த்தம். நான் போனேன்.